பட்டன் போன்: கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஒட்டன்சத்திரத்தில் ரீசார்ஜ், செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறேன். காய்கறி மார்க்கெட்டுக்கு வருகிற விவசாயிகள், சுமை தூக்குகிறவர்கள், மில்லுக்குப் போகும் அக்காமார்கள், பென்ஷன் வாங்க வரும் பெரியவர்கள் என்று பட்டன் போன் வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் இன்னும் நிறைய. அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும் என்று அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

தம்பி, பட்டன் போனையெல்லாம் நிறுத்தப் போறாங்களாமே? இனிமே வாங்கினா வேஸ்ட்டா?

இல்லை. பட்டன் போன் என்பது ஒன்று, 2ஜி என்பது வேறு. பழைய பட்டன் போன்கள் 2ஜி சிக்னலில் மட்டுமே வேலை செய்யும். ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் சிம்களில் 2ஜி இருப்பதால் அந்தப் போன்கள் ஓடுகின்றன. ஜியோவுக்கு ஆரம்பத்திலிருந்தே 2ஜி கிடையாது. அதனால்தான் பழைய போனில் ஜியோ சிம்மைப் போட்டால் சிக்னலே காட்டாது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிவிடாதீர்கள்.

புதிதாக வாங்குவதானால் 4ஜி பட்டன் போனாக வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடும். ஆனால் எந்த சிம் போட்டாலும் பேசலாம், பேச்சும் தெளிவாகக் கேட்கும். ஜியோபாரத் மாதிரி சில மாடல்களில் அந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் வேலை செய்யும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பாக்கெட்டுல இருக்கும்போது அதுவா யாருக்கோ கால் போயிடுது. என்ன பண்ண?

கீபேடு லாக் போடவில்லை என்று அர்த்தம். பெரும்பாலான போன்களில் நடு பட்டனை, அல்லது இடது பக்க மெனு பட்டனை அழுத்திவிட்டு நட்சத்திரக் குறியை அழுத்தினால் லாக் ஆகும். திறக்கவும் அதே முறைதான். ஒவ்வொரு முறையும் அழுத்த ஞாபகம் இருக்காது என்பவர்கள், செட்டிங்கில் ஆட்டோ கீபேடு லாக் என்று இருப்பதை ஆன் செய்துகொள்ளுங்கள்.

நம்பரை சிம்முல சேவ் பண்றதா, போன்ல சேவ் பண்றதா?

இரண்டிலும் வையுங்கள். சிம்மில் இருந்தால் போன் உடைந்தாலும் வேறு போனில் சிம்மைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சிம்மில் சுமார் 250 பேர்தான் அடங்குவார்கள், பேருக்கு ஒரு நம்பர்தான். போனோடு சிம்மும் தொலைந்தால் அதுவும் போச்சு. டூப்ளிகேட் சிம் வாங்கினால் பழைய நம்பர்கள் அதில் வராது, காலியாகத்தான் வரும். அதனால் முக்கியமான பத்து இருபது நம்பர்களை ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள். எழுத்தே தெரியாத பெரியவர்கள் இருக்கிற வீட்டில் இது இன்னும் அவசியம்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் நம்பரை முன்னால் கூட்டல் குறியோடு முழுசாகச் சேமித்துவிடுங்கள். அப்போதுதான் பெயர் காட்டும். பெயர் காட்டாமல், 91 அல்லாத வேறு எண்ணில் தொடங்கும் வெளிநாட்டு மிஸ்டு கால் வந்தால் திருப்பிக் கூப்பிட வேண்டாம். நீங்கள் கூப்பிட்டால் உங்கள் காசு கரையும் என்பதற்காகவே அப்படி மிஸ்டு கால் விடுகிறவர்கள் உண்டு.

எங்கம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, கண்ணும் சரியா தெரியாது. என்னைக் கூப்பிட ஒரே பட்டன் இருக்கா?

இருக்கிறது. ஸ்பீடு டயல் என்ற செட்டிங்கில் 2, 3, 4 பட்டன்களுக்கு ஆளுக்கு ஒரு நம்பர் வைத்துவிடலாம். பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலே கால் போகும். பெரும்பாலான போன்களில் 5 பட்டன் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். அதற்கு நேர் மேலே 2, இடது பக்கம் 4. இப்படி விரலுக்குப் பழக்கிவிட்டால் கண்ணே தேவையில்லை. 5க்கும் 9க்கும் வீட்டு ஆட்களை வைக்க வேண்டாம். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

5ஐ அழுத்திப் பிடிச்சா போலீஸ் வருமாமே, நெசமா?

உண்மைதான். 2017 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9ஐ நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அழைப்பு 112க்குப் போகும். உங்கள் போனில் எந்தப் பட்டன் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய போன் என்றால் நேராக 112 அடித்தால் போதும். பேலன்ஸ் இல்லாவிட்டாலும் போகும். உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாத இடத்தில், வேறு கம்பெனி டவர் கிடைத்தாலும் போகும். ஆம்புலன்சுக்கு 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியவர்களுக்கு 14567.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்மார்ட்போன் மாதிரி இருக்கிற இடத்தைத் துல்லியமாக இது காட்டிக்கொடுக்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். பதற்றத்தில் "சீக்கிரம் வாங்க, ஆக்சிடெண்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் என்ன கோயில் அல்லது பெட்ரோல் பங்க், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் ரோடு, இவ்வளவும் சொல்லிவிட்டு, அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள்.

மெசேஜ் வந்தா கட்டம் கட்டமா தெரியுது. போன்ல வைரஸா?

வைரஸ் இல்லை. தமிழில் வந்த மெசேஜைக் காட்ட அந்தப் போனில் தமிழ் எழுத்து இல்லை, அவ்வளவுதான். வாங்கும் முன் தமிழில் ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தமிழில் அனுப்பினால் ஒரு மெசேஜுக்கு 70 குறிகள்தான், ஆங்கிலத்தில் 160. எழுத்தோடு சேரும் கொம்பும் காலும்கூட ஒரு குறியாகக் கணக்காகும். நீளமாக எழுதினால் இரண்டு மூன்று மெசேஜ் காசு போவது அதனால்தான்.

பேசுறதுக்கு மட்டும் ரீசார்ஜ் கிடையாதா? நெட்டு எனக்கு எதுக்கு?

கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேச்சும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள ரீசார்ஜை எல்லாக் கம்பெனியும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியிலிருந்து அவை கிடைக்கின்றன. பெரும்பாலும் 84 நாள், 365 நாள் போன்ற நீண்ட கணக்கில் இருக்கும். விலை அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை. கடையில் "வாய்ஸ் ஒன்லி பிளான் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்கிறார்கள். நெட்டே இல்லாத போனுக்கு தினம் ஒன்றரை ஜிபி போட்டுக்கொண்டு போகிற பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

ரீசார்ஜ் பண்ணாம விட்டா நம்பர் போயிடுமா? எத்தனை நாள் தாங்கும்?

தொடர்ந்து 90 நாள் எந்த உபயோகமும் இல்லாவிட்டால் கம்பெனி நம்பரை எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் பிரீபெய்டு கணக்கில் 20 ரூபாயாவது பேலன்ஸ் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். பேலன்ஸ் என்றால் டாக்டைம். பிளான் போட்ட காசு கணக்கில் வராது. எடுத்துக்கொண்ட நம்பர் சில மாதம் கழித்து வேறு யாருக்காவது போய்விடும். பேங்க், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் அந்த நம்பரில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதைக் கடைசிக் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் யாருக்குமே பேசல, பேலன்ஸ் தானா குறையுதே?

திரையில் திடீரென்று ஜாதகம், கிரிக்கெட், காலர் டியூன் என்று ஏதோ வந்திருக்கும். அதை மூட ஓகே அழுத்தியிருப்பீர்கள். அது சந்தா ஆகிவிட்டிருக்கும். ஸ்டாப் என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து 155223க்கு அனுப்புங்கள், அல்லது அந்த எண்ணுக்கே கூப்பிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்களை நிறுத்தலாம். இனிமேல் அப்படி ஏதாவது திரையில் வந்தால் ஓகே வேண்டாம், சிவப்புப் பட்டனை அழுத்துங்கள். விளம்பர அழைப்புகளே வேண்டாம் என்றால் 1909க்குக் கூப்பிட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

பேட்டரி உப்பிடுச்சு, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

ஒரு நாள்கூட வேண்டாம். உப்பியிருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் பேட்டரியைக் கழற்றி சமமான மேஜை மேல் படுக்க வைத்து விரலால் சுண்டிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் வயிறு உப்பிவிட்டது என்று அர்த்தம். நல்ல பேட்டரி சுற்றாது, உராய்ந்து நின்றுவிடும். உப்பியதை அமுக்குவது, ஊசியால் குத்துவது, அடுப்பில் போடுவது எல்லாம் ஆபத்து. கடையில் கொடுத்துவிடுங்கள்.

பட்டன் போனின் பெரிய வசதியே பேட்டரியை நாமே மாற்றலாம் என்பதுதான். ஆனால் 50 ரூபாய், 60 ரூபாய் பேட்டரியில் கைவைக்காதீர்கள். உலகம் முழுக்க ஓடிய நோக்கியா பிஎல்-5சி பேட்டரியிலேயே ஒரு தயாரிப்பில் குறை வந்து, சார்ஜ் போடும்போது சூடாகிறது என்று 2007ல் நோக்கியா 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளை மாற்றித் தருவதாக அறிவித்தது. ஒரிஜினலுக்கே அப்படி என்றால் பெயரில்லாத டூப்ளிகேட்டுக்கு யார் பொறுப்பு? சார்ஜ் ஏறும்போது பேசாதீர்கள், தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

கிணத்துல, வாய்க்கால்ல விழுந்துட்டா?

எடுத்த உடனே ஆன் ஆகிறதா என்று பார்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அதில்தான் போர்டு கருகுகிறது. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், அப்புறம் சிம். துணியால் ஒற்றிவிட்டு, நிழலில் காற்றோட்டமாக இரண்டு நாள் விடுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம். மாவும் தூசியும் உள்ளே போவதுதான் மிச்சம். வெயிலிலும் அடுப்புப் பக்கமும் வைக்காதீர்கள்.

இடி இடிக்கும்போது போன் பேசினா மின்னல் தாக்குமா?

செல்போன் மின்னலை இழுக்காது. வெட்டவெளியில், தனி மரத்தடியில் நிற்பதுதான் ஆபத்து. கையில் போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே நிற்கக் கூடாது. வீட்டுக்குள் இருந்தால் பேசலாம். ஆனால் சார்ஜர் சொருகியபடி பேசாதீர்கள். மின்னல் கரண்டுக் கம்பி வழியாக வரும்.

மோட்டார் ஸ்டார்ட்டருக்கு சிம் போட்டிருக்கேன், பட்டன் போன்லயே போட்டு நிறுத்துறேன். அதுல ஏதும் ஆபத்து இருக்கா?

நல்ல வசதி. ராத்திரி மூன்று மணிக்கு த்ரீ ஃபேஸ் வந்தால் பாம்பு பூச்சிக்கு நடுவே தோட்டத்துக்கு ஓட வேண்டியதில்லை. மூன்று விஷயம் கவனியுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டி 2ஜி என்றால் முதல் பதிலில் சொன்னதுபோல ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்கும் ரீசார்ஜ் தேதி உண்டு, அதை மறந்துவிட்டு ஸ்டார்ட்டர் ரிப்பேர் என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் அநேகம் பேர். உங்கள் நம்பரும் வீட்டில் ஒருவர் நம்பரும் மட்டும் ஏற்கும்படி பதிந்து, கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அந்த நம்பர் தெரிந்த யாரும் மோட்டாரை ஓட்டலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் இது. கிணற்றிலோ, மோட்டார் வயரிலோ யாராவது வேலை செய்யும்போது மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊரிலிருக்கிற நீங்கள், தோட்டத்தில் யார் எங்கே கை வைத்திருக்கிறார் என்று தெரியாமல் ஒரு ரிங் விட்டுவிட்டால் உயிர் போய்விடும்.

எம் போன்ல நெட்டே இல்ல. என் பணத்தை எவன் எடுக்க முடியும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதவே ஆரம்பித்தேன். திருடனுக்கு உங்கள் போனில் நெட் தேவையில்லை. அவன் போனில் இருக்கிறது. உங்கள் கார்டு நம்பரைப் பேச்சில் வாங்கிவிட்டால், பேங்க் அனுப்பும் ஓடிபி என்ற ஒருமுறை ரகசிய எண் உங்கள் பட்டன் போனுக்கு வரும். அதை வாசித்துக் காட்டினால் போதும், வேலை முடிந்தது. இன்னொரு வகை, ஒரு மெசேஜ் வரும். புரியாத எழுத்தாக இருக்கும். "இதை இந்த நம்பருக்கு அனுப்புங்க, உதவித்தொகை ஏறிடும்" என்பான். அது அவனுடைய போனில் உங்கள் கணக்குக்கு யுபிஐ (போனிலேயே பணம் அனுப்பும் முறை) பதிவதற்கான மெசேஜ். உங்கள் சிம்மிலிருந்து அது போனால், அந்த நம்பருக்கு உரியவர்தான் பதிகிறார் என்று பேங்க் நம்பிவிடும்.

ஆள் எப்படிப் பேசுவான் என்பதையும் சொல்கிறேன். தமிழ் நன்றாக வரும். "கரண்ட் பில் கட்டல, இன்னைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு கட் பண்ணிடுவோம்" என்பான். "மகளிர் உரிமைத் தொகை உங்களுக்கு நின்னு போயிருக்கு, சரி பண்ணணும்" என்பான். "ஏடிஎம் கார்டு லாக் ஆகிடுச்சு" என்பான். எல்லாவற்றிலும் அவசரம் இருக்கும், யோசிக்க நேரம் தரமாட்டான். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வைத்துவிடுங்கள். வைத்துவிட்டு நீங்களாகக் கூப்பிடுங்கள். கரண்ட் விஷயம் என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. பேங்க் என்றால் பாஸ்புக்கில் அச்சடித்த நம்பர், இல்லாவிட்டால் நேரில் போங்கள். தேடி வருகிற நம்பரை நம்பாதீர்கள், நீங்கள் தேடிப் போடுகிற நம்பரை நம்புங்கள். மெசேஜிலேயே ஒரு நம்பர் கொடுத்து "அதிகாரியைக் கூப்பிடுங்க" என்றிருந்தால் அதுவும் தேடி வந்த நம்பர்தான்.

நெசமான பேங்க் கால், நெசமான மெசேஜ் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேங்க், இன்சூரன்ஸ் மாதிரியானவர்கள் வாடிக்கையாளரைக் கூப்பிட 1600 என்று தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. விளம்பரக் கால் 140ல் தொடங்கும். மெசேஜ் என்றால் அனுப்பியவர் பெயர் நம்பராக இல்லாமல் ஆங்கில எழுத்துகளாக இருக்கும். கடைசியில் ஒரு கோடு போட்டு ஒற்றை எழுத்து வரும். ஜி என்றால் அரசு, டி என்றால் பணப் பரிமாற்றம், எஸ் என்றால் சேவை, பி என்றால் விளம்பரம். சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து "மின்வாரியம்" என்று மெசேஜ் வந்தால் அது பொய்.

கிளையில் வேலை பார்ப்பவர் தன் சொந்த செல்லிலிருந்து கூப்பிடுவதும் நம் ஊரில் நடக்கிறது. நகைக்கடன் தவணை தேதியைச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அவராக இருந்தாலும் பின் நம்பர், ஓடிபி, கார்டு நம்பர் கேட்க மாட்டார். கேட்டால் அவர் அவரில்லை.

ஓடிபி யாருக்கும் சொல்லாதேங்கிறீங்க. சிலிண்டர் போடுறவரும் கேட்கிறாரே, ரேஷன் கடையிலயும் கேட்கிறாங்களே?

சரியான கேள்வி. இங்கேதான் பெரியவர்கள் குழம்புகிறார்கள். சிலிண்டர் பதிந்ததும் வரும் எண், சிலிண்டர் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்கான சாட்சி. ஆள் வாசலில், சிலிண்டர் கண் முன்னால் இருந்தால் சொல்லலாம். "நாளைக்குக் கொண்டுவரேன், இப்ப நம்பர் சொல்லுங்க" என்று போனில் கேட்டால் சொல்லாதீர்கள். ரேஷனில் கைரேகை விழாதபோது வரும் எண்ணும் இப்படித்தான். கடையில் நீங்கள் நிற்கும்போது, பில் போடுகிறவரிடம் மட்டும் சொல்லலாம்.

வித்தியாசம் புரிகிறதா? நீங்கள் கேட்ட பொருள் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும், வந்த மெசேஜிலும் அந்தப் பொருளின் பெயர் இருக்க வேண்டும். மெசேஜில் பேங்க் பெயரோ, ரூபாய் என்றோ இருந்தால் எதிரில் யார் நின்றாலும் சொல்லக் கூடாது. படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளையிடம் காட்டிவிட்டுச் சொல்லுங்கள், சிலிண்டர்காரர் இரண்டு நிமிஷம் நிற்பார்.

(இண்டேன் சிலிண்டர் பதிய, பதிவு செய்த நம்பரிலிருந்து 84549 55555க்கு ஒரு மிஸ்டு கால் போதும். ஏஜென்சிக்கு அலைய வேண்டாம்.)

"சிம் கட்டாகப் போகுது, 9ஐ அமுக்குங்க"ன்னு மெஷின் பேசுது. அப்புறம் போலீஸ்னு ஒருத்தன் மிரட்டுறான்.

9ஐ அழுத்தாதீர்கள், வையுங்கள். டிராய் யாருக்கும் கூப்பிட்டு சிம்மைத் துண்டிப்பதாகச் சொல்வதில்லை. 9ஐ அழுத்தினால் ஒரு ஆளிடம் போகும். உங்கள் பெயரில் கஞ்சா பார்சல் பிடித்திருக்கிறோம், வழக்கு இருக்கிறது என்பான். உங்களிடம் பட்டன் போன் என்று தெரிந்ததும் "பையனோட பெரிய போனை எடு, வீடியோவுல வா" என்பான். அதற்குப் பெயர் டிஜிட்டல் அரெஸ்ட். போனில் கைது செய்வது என்று நம் சட்டத்தில் ஒன்றே கிடையாது. பணம் கொடுத்தால் விடுவேன் என்று எந்தக் காவல் நிலையமும் போனில் சொல்லாது. பயந்து நடுங்கிக்கொண்டு ரூமுக்குள் தனியாக உட்காராதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமாவது சொல்லுங்கள். வாய்விட்டு ஒருவரிடம் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

கொரியர்னு சொல்லி நட்சத்திரம் போட்டு ஒரு நம்பர் அமுக்கச் சொன்னான். அமுக்கிட்டேன்!

நட்சத்திரம் 401 நட்சத்திரம் என்று தொடங்கியிருக்கும். உங்களுக்கு வரும் கால்களை அவன் போனுக்குத் திருப்பும் வேலை அது. பேங்கிலிருந்து போனில் ஓடிபி சொன்னாலும் அவன் காதுக்குப் போகும். இந்த மோசடிக்காகவே இந்த வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி மத்திய அரசு உத்தரவிட்டது. இருந்தாலும் ##002# அடித்துப் பச்சைப் பட்டனை அழுத்துங்கள், எல்லாத் திருப்பலும் ரத்தாகும். அப்புறம் யாரையாவது உங்களுக்குக் கூப்பிடச் சொல்லி, மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

பட்டன் போன்ல பணம் அனுப்பலாமாமே?

அனுப்பலாம். பேங்கில் பதிந்த சிம்மிலிருந்து *99# அடித்தால் மெனு வரும். பணம் அனுப்ப 1, பேலன்ஸ் பார்க்க 3. முதல் தடவை ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு எண்ணும் அதன் காலாவதி மாதமும் கொடுத்து யுபிஐ பின் வைக்க வேண்டும். இதில் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிய யுபிஐ 123பே என்ற முறையில் குரல் வழியாகக் கூப்பிட்டும் அனுப்பலாம். அந்த எண்ணை உங்கள் பேங்க் கிளையில் கேட்டு வாங்குங்கள், வேறு யார் சொன்னாலும் போடாதீர்கள்.

*99#ல் பின் நம்பர் அடிக்கும்போது அது மறையாது, எண்ணாகவே திரையில் தெரியும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செய்யாதீர்கள். கடைக்காரரிடம் கொடுத்து "நீங்களே போட்டுவிடுங்க" என்று பின் நம்பரையும் சொல்லாதீர்கள், என்னிடமும் சொல்லாதீர்கள். இன்னொன்று, நமக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பணம் வரும், பின் நம்பரை அடியுங்கள் என்று சொன்னால் போகப்போவது உங்கள் பணம்.

பேலன்ஸ் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் ஸ்டேட் பேங்க்காரர்கள் பதிவு செய்த நம்பரிலிருந்து 92237 66666க்கு மிஸ்டு கால் கொடுக்கலாம். மெசேஜ் வரும்.

போன் தொலைஞ்சுடுச்சு. ஆயிரம் ரூபா போன்தானே, விட்டுடலாமா?

போன் போகட்டும், சிம்மை விடக் கூடாது. முதலில் கம்பெனிக்குக் கூப்பிட்டு சிம்மை நிறுத்துங்கள். ஆதார் கொண்டுபோய் அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். புது சிம் வந்து 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. திருடன் உங்கள் பெயரில் சிம் எடுத்தால் உடனே ஓடிபி போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது, பயப்பட வேண்டாம்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கினால், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனையே முடக்கலாம். அதற்கு ஐஎம்இஐ எண் வேண்டும், 15 இலக்கம். *#06# அடித்தால் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும். தொலைந்த பிறகு அடிக்க முடியாது, ஆகவே இன்றைக்கே அடித்து, முன்பு சொன்ன காகிதத்தில் எழுதி வையுங்கள். செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும் முன் ஆங்கில எழுத்தில் கேஒய்எம், ஓர் இடைவெளி, அப்புறம் இந்த எண் என்று டைப் செய்து 14422க்கு அனுப்பினால், அது சரியான போனா என்று பதில் வரும்.

பணம் போயே போச்சு. இனி யார்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?

சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு உடனே கூப்பிடுங்கள். மணிக்கணக்கு இல்லை, நிமிஷக் கணக்கு. பணம் அவன் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பேங்குக்கும் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்கள் தவறோ பேங்கின் தவறோ இல்லாமல் வெளியாள் எடுத்த பணத்துக்கு மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஓடிபி நீங்களே சொல்லியிருந்தால், சொல்லும்வரை போனது உங்கள் பொறுப்பு. ஆனால் பேங்கில் தெரிவித்த பிறகு போகும் பணம் பேங்கின் பொறுப்பு. அதனால் திட்டுவார்கள் என்று வீட்டில் மறைக்காதீர்கள். வீட்டிலிருப்பவர்களும் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறுநாள் வந்து சொல்கிற அம்மாக்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சிம் வாங்குறப்ப ரெண்டு தடவை விரல் வைக்கச் சொன்னாங்க. பரவாயில்லையா?

ரேகை சரியாக விழாமல் மறுபடி கேட்பது உண்டு. ஆனால் முதல் முறை தோல்வி என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். சில இடங்களில் இரண்டாவது ரேகையை வைத்து உங்கள் பெயரில் இன்னொரு சிம் எடுத்து மோசடிக்காரர்களுக்கு விற்கிறார்கள். வழக்கு வந்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஒருவர் பெயரில் 9 சிம் வரைதான் அனுமதி. உங்கள் பெயரில் எத்தனை இருக்கிறது என்று மேலே சொன்ன சஞ்சார் சாத்தி தளத்திலேயே பார்க்கலாம். பிள்ளைகளின் போனில் பார்த்துக்கொடுக்கச் சொல்லுங்கள். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே "என் நம்பர் இல்லை" என்று புகார் கொடுக்கலாம்.

அப்பா தவறிட்டார். அவர் நம்பருக்கு இன்னும் ரீசார்ஜ் பண்ணணுமா?

கொஞ்ச காலம் பண்ணுங்கள். பேங்க் கணக்கு, எல்ஐசி, பென்ஷன், கேஸ் இணைப்பு, பட்டா விஷயம் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கும். அவை வாரிசு பெயருக்கு மாறும்வரை, தகவல் எல்லாம் அங்கேதான் வரும். ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் முன்பு சொன்ன 90 நாள் கணக்கில் நம்பர் போய், அப்புறம் யாரோ ஒருவருக்குக் கிடைக்கும். உங்கள் அப்பா கணக்கின் மெசேஜ் எல்லாம் அவருக்குப் போகும்.

அதற்காக அந்த சிம்மை வைத்து அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது சட்டப்படி தவறு, பின்னால் அண்ணன் தம்பிக்குள் சண்டையாகவும் வரும். இறப்புச் சான்றிதழ் வாங்கியதும் முதலில் பேங்கில் கொடுங்கள். நம்பரை வைத்துக்கொள்ள விரும்பினால், இறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், வாரிசு என்பதற்கான சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். என் கடை மாதிரி ரீசார்ஜ் கடைகளில் அது முடியாது. வேண்டாம் என்றால், எல்லா இடத்திலும் நம்பர் மாற்றியாகிவிட்டது என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, ஷோரூமில் எழுதிக்கொடுத்து மூடுங்கள்.